எட்டு ஜன்னல், ஆறு வழி: பழைய வீட்டில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

"வீடு கட்டி முப்பது வருஷம் ஆச்சு. மழை வந்தால் ஜன்னல் கதவு சாத்த வரமாட்டேங்குது, கண்ணாடி ஆடுது, கொசு வேற. யுபிவிசி போடலாமா, அலுமினியமா, இல்லை மரமே நல்லதா?" திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. (யுபிவிசி என்பது ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்.) ஒருவர் மூன்று விலைப்பட்டியலையும் அனுப்பி, "ஒன்றுக்கொன்று லட்ச ரூபாய் வித்தியாசம் வருதே, எதை நம்புவது?" என்று கேட்டிருந்தார்.

எனக்கும் இது புத்தகக் கணக்கு இல்லை. திருச்சி கே.கே. நகரில் அப்பா 1986-ல் கட்டிய வீட்டில் எட்டு ஜன்னல்கள். நான்குக்கு நான்கு அடியில் ஆறு, ஐந்துக்கு நான்கு அடியில் இரண்டு. மொத்தம் 136 சதுர அடி. எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் விலை கேட்க இறங்கினோம். கடைசியில் நாங்கள் செய்தது வேறு. ஏன் என்று சொல்கிறேன். கீழே வரும் தொகைகள் எங்களுக்குச் சொல்லப்பட்ட விலைகளை ஒட்டிய தோராயம். உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறும், இறங்கும். ஆனால் எந்தச் செலவு எங்கே ஒளிந்திருக்கும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

## ஜன்னல் என்பது மூன்று பொருள்

நம் ஊர்ப் பழைய ஜன்னலைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சுவரில் பதிந்திருக்கும் சட்டம் ஒன்று. அந்தச் சட்டத்துக்குள்ளேயே துளை போட்டு இறக்கிய இரும்புக் கம்பிகள் இரண்டாவது. கீலில் தொங்கி வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள் மூன்றாவது. "ஜன்னல் போச்சு" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் போயிருப்பது மூன்றாவது மட்டும்தான். மழையும் வெயிலும் நேராக அடிப்பது கதவின் மேல். சட்டம் சுவருக்குள் பாதி ஒதுங்கி, சன்ஷேடுக்குக் கீழே இருக்கிறது.

சட்டத்தைப் பெயர்த்தால் கம்பியும் சேர்ந்து போகும். புதுக் கம்பி போட வேண்டும். சுவர்ப் பூச்சு உதிரும், அதைச் சரிசெய்ய வேண்டும். பூச்சுக்கு மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் மட்டும் புது நிறமாகத் தெரியும் என்பதால் முழுச் சுவரும் அடிக்க வேண்டும். யுபிவிசியா, அலுமினியமா என்ற கேள்விக்கு முன்னால், சட்டத்தை உடைக்கப் போகிறோமா இல்லையா என்ற கேள்வி வந்துவிடுகிறது. செலவில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது அதுதான்.

அதைத் தீர்மானிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். சட்டத்தின் அடிக்கட்டை, அதாவது தண்ணீர் தேங்கும் கீழ்ப்பகுதி, அப்புறம் இரண்டு கீழ் மூலைகள், இங்கெல்லாம் முனையை அழுத்திக் குத்துங்கள். முனை இறங்காமல் நின்றால் மரம் உயிரோடு இருக்கிறது. கால் அங்குலம் மெத்தென்று இறங்கினால் உளுத்துவிட்டது. பிறகு கைப்பிடியால் சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். கரையான் உள்ளே தின்ற இடத்தில் அட்டைப்பெட்டியைத் தட்டிய மாதிரி சத்தம் வரும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும்.

எங்கள் வீட்டில் ஆசாரி அதைத்தான் செய்தார். எட்டில் ஏழு ஜன்னல்களில் முனை இறங்கவில்லை. "தம்பி, இது கல்லு மாதிரி இருக்கு. இதை உடைச்சுப் போட்டுட்டு இதைவிட நல்ல மரம் எங்க தேடப் போறீங்க?" என்றார். குளியலறையை ஒட்டிய எட்டாவது ஜன்னலில் ஸ்க்ரூடிரைவர் பாதி வரை உள்ளே போனது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்த்தவை இவை. மொத்தச் செலவு, அதாவது கொட்டேஷனில் உள்ளதும் இல்லாததும் சேர்த்து. திறந்தால் எவ்வளவு காற்று வரும். மே மாத வெயிலில் அறை எப்படி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே வருமா. கொசுவலை போட வசதி உண்டா. கரையான். பத்து வருஷம் கழித்து ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்ற முடியுமா.

இதில் காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இழுவை ஜன்னல், அதாவது ஸ்லைடிங், எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். நான்குக்கு நான்கு ஜன்னலில் 16 சதுர அடிக்கு எட்டுதான் கிடைக்கும், சட்டத்தின் தடிமன் போனால் அதற்கும் கீழே. கீலில் திறக்கும் கதவு முழுவதும் திறக்கும். இரவு ஏசி இல்லாமல் தூங்கும் வீடு என்றால் இதை முதலில் எழுதி வையுங்கள்.

## எங்கள் 136 சதுர அடிக்கு வந்த கணக்கு

| வழி | ஜன்னலுக்கு மட்டும் (ரூபாய்) | கூடவே வரும் செலவு (ரூபாய்) | மொத்தம் (ரூபாய்) |
|---|---|---|---|
| பழுது பார்த்தல் மட்டும் | 20,000 – 32,000 | பெயின்ட் இதிலேயே அடக்கம் | 20,000 – 32,000 |
| பழைய சட்டம், புதுத் தேக்குக் கதவு | 95,000 – 1,22,000 | கொசுவலை 8,000 – 12,000 | 1,03,000 – 1,34,000 |
| பழைய சட்டம், அதற்கு வெளியே யுபிவிசி ஸ்லைடிங் | 88,000 – 1,20,000 | ஓரப் பூச்சு 5,000 – 10,000 | 93,000 – 1,30,000 |
| பெயர்த்துவிட்டு அலுமினியம் ஸ்லைடிங் | 64,000 – 96,000 | 65,000 – 97,000 | 1,29,000 – 1,93,000 |
| பெயர்த்துவிட்டு யுபிவிசி ஸ்லைடிங் | 88,000 – 1,20,000 | 65,000 – 97,000 | 1,53,000 – 2,17,000 |
| பெயர்த்துவிட்டு முழுதும் புதுத் தேக்கு | 1,90,000 – 2,72,000 | 53,000 – 84,000 | 2,43,000 – 3,56,000 |

யுபிவிசி சதுர அடி 550 முதல் 750 ரூபாய், அலுமினியம் 400 முதல் 600 ரூபாய் என்று வைத்து, 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்த தொகை இது. இரண்டிலும் 5 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, கொசுவலைக் கதவு அடக்கம். புதுத் தேக்குக்குச் சட்டம், கதவு, கண்ணாடி, கம்பி எல்லாம் சேர்த்துச் சதுர அடி 1,400 முதல் 2,000 வரை.

பெயர்க்கும் வழிகளில் கூடவே வரும் 65,000 முதல் 97,000 எங்கிருந்து வருகிறது? கொத்தனார் கூலி, உடைத்தல், பதித்தல், பூச்சு எல்லாம் சேர்த்து ஒரு ஜன்னலுக்கு 2,500 முதல் 4,000 ரூபாய். எட்டுக்கு 20,000 முதல் 32,000. உள்சுவரும் வெளிச்சுவரும் பெயின்ட் அடிக்க 25,000 முதல் 40,000. மீதி கம்பிக்கு. 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ எடை. நான்குக்கு நான்கு ஜன்னலுக்கு நான்கு அங்குல இடைவெளியில் நெட்டுக் கம்பி பதினொன்று, சுற்றுச்சட்டம், குறுக்கே இரண்டு என்று போட்டால் ஏறத்தாழ 23 கிலோ வரும். அடித்துப் பொருத்தக் கிலோவுக்கு 110 முதல் 130 ரூபாய் என்றால் ஒரு ஜன்னலுக்கே 2,500 முதல் 3,000 ரூபாய்.

அதாவது யுபிவிசிக்காரர் தரும் தொகையோடு இன்னொரு முக்கால் பங்கு சேர்த்தால்தான் உண்மையான செலவு. அவர் பொய் சொல்லவில்லை. அவர் வேலை ஜன்னலோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

## பழைய சட்டத்தை விட்டுவைத்தல்

சட்டம் கெட்டியாக இருந்தால் என் வாக்கு இதற்குத்தான். இதில் மூன்று படிகள் உண்டு.

முதல் படி, வெறும் பழுது. கதவு சாத்த வரவில்லை என்றால் பெரும்பாலும் கீல் தொய்ந்திருக்கும். கீல் ஆணி பிடித்திருந்த துளை பெரிதாகிக் கதவு சாய்ந்துவிடும். ஆசாரி அந்தத் துளையில் தேக்குச் சிம்பைப் பசை தடவி அடித்து, மறுநாள் புது ஆணி முடுக்குவார். அடியில் உரசும் இடத்தை இழைப்புளியால் இரண்டு இழை இழைப்பார். சாத்த வராத கதவை இரண்டு விரலால் தள்ளினால் போய் உட்காரும். ஆடும் கண்ணாடிக்குப் பட்டையைக் கழற்றிப் புதிதாக வைத்தால் தீர்ந்தது. ஒரு விஷயம் முக்கியம்: மழைக்காலத்தில் ஊதியிருக்கும்போது இழைக்க விடாதீர்கள். சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கும்போது விரல் நுழையும் சந்து விழும். மாசி, பங்குனியில் செய்வதே நல்லது.

இரண்டாவது படி, கதவை மட்டும் புதிதாகச் செய்வது. பழைய கதவு நாட்டு மரமாக இருந்து வளைந்துவிட்டால் வேறு வழியில்லை. சட்டம் தேக்கு, கதவு வேறு மரம் என்று சிக்கனம் பார்த்துக் கட்டிய வீடுகள் நம் ஊரில் நிறைய. கதவு செய்யும்போதே உள்பக்கத்தில், கம்பிக்கும் அறைக்கும் நடுவில், கொசுவலைச் சட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கதவு வெளியே திறப்பதால் வலை உள்ளேதான் வர வேண்டும். காந்தப் பட்டையில் ஒட்டும் வலை மலிவு, ஆனால் கதவைத் திறந்து மூட ஒவ்வொரு முறையும் வலையை எடுக்க வேண்டியிருக்கும். கீழ்மூலையில் கை நுழைகிற அளவுக்குச் சின்னதாகத் திறக்கும் வலைக்கதவு வைத்தால் வேலை சுலபம்.

மூன்றாவது படி, பழைய கதவுகளைக் கழற்றிவிட்டு, சட்டத்தையும் கம்பியையும் அப்படியே விட்டு, அதற்கு வெளியே யுபிவிசி ஸ்லைடிங்கைப் பொருத்துவது. ஒன்பது அங்குலச் சுவரில் மரச்சட்டம் நான்கு அங்குலம் பிடித்திருந்தால் மீதி ஐந்து அங்குலம் வெளியே இருக்கும். கொசுவலையோடு சேர்ந்த ஸ்லைடிங் சட்டம் அதற்குள் உட்கார்ந்துவிடும். கொத்தனார் வேலை கிட்டத்தட்ட இல்லை. காவலும் போகவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: வீட்டில் யார் அந்த ஜன்னலைத் தினமும் திறக்கப் போகிறார்களோ, அவர்களைக் கம்பி இடுக்கில் கையை விட்டு, ஜன்னலைப் பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி செய்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று அங்குல இடைவெளிக் கம்பி என்றால் தள்ள முடியாது. மாடியில் என்றால் வெளிக் கண்ணாடியை எப்படித் துடைப்பது என்பதையும் யோசியுங்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அது நடக்காது.

## யுபிவிசி

சட்டம் உளுத்துவிட்டது, அல்லது வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது என்றால் யுபிவிசி தன் விலைக்கு வேலை செய்யும். கரையான் தொடாது. பெயின்ட் வேண்டாம். மழையில் ஊதாது. கீலில் திறக்கும் வகையில், அதாவது கேஸ்மென்ட்டில், ரப்பர் பட்டை சுற்றிலும் அழுத்திப் பிடிப்பதால் பஸ் சத்தமும் தூசியும் நன்றாகக் குறையும். ஸ்லைடிங்கில் தூரிகை மாதிரி மயிர்ப்பட்டைதான் இருக்கும், அந்த அளவுக்குச் சத்தத்தைத் தடுக்காது. கேஸ்மென்ட்டுக்குச் சதுர அடிக்கு 150 முதல் 250 ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். சத்தத்துக்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தரத்தில்தான் ஏமாறுகிறோம். யுபிவிசி குழாய்க்குள் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை இருக்க வேண்டும், அதுதான் அதற்கு முதுகெலும்பு. பொருள் வந்து இறங்கியதும் ஒரு காந்தத்தைச் சட்டத்தின் நான்கு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத பக்கத்தில் இரும்பு இல்லை. ஐந்தடி அகல ஜன்னலில் இரும்பு இல்லாமல் வந்தால் இரண்டு கோடையில் நடுவில் தொய்ந்து தாழ்ப்பாள் உட்காராது. வெயில் தாங்கும் கலவை இல்லாத மலிவுச் சரக்கு மஞ்சளாகும். மரநிற, கறுப்புநிறப் பட்டை ஒட்டிய வகை மேற்கு வெயிலில் வெள்ளையைவிட அதிகம் சூடாகும் என்பதால், மேற்குச் சுவருக்கு நான் வெள்ளையைத்தான் சொல்வேன்.

யுபிவிசி வெயிலில் நீளும். 30 டிகிரி ஏறினால் மீட்டருக்குச் சுமார் 2 மி.மீ. அதனால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சில மில்லிமீட்டர் சந்து விட்டு, அதை நுரையும் சிலிக்கானும் கொண்டு அடைக்க வேண்டும். சில கொத்தனார்கள் "சந்து கிடக்குதே" என்று சிமென்ட்டை அடித்து இறுக்கிவிடுவார்கள். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

இன்னொரு இடம், தண்ணீர் வடியும் துளைகள். ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தடத்தில் மழைநீர் விழத்தான் செய்யும். அது வெளிப்பக்கம் வடிய அடிச்சட்டத்தில் சின்னச் சின்ன வெட்டுத்துளைகள் இருக்கும். எங்கள் வீட்டு எட்டாவது ஜன்னலில், பூச்சு வேலையின்போது அந்தத் துளைகளைச் சுவருக்குப் பூசும் பட்டி அடைத்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. கார்த்திகையில் ஒரு ராத்திரி விடாமல் பெய்தபோது தடம் தொட்டி மாதிரி நிரம்பி, உள்பக்கம் வழிந்து, காலையில் சுவரோரம் வைத்திருந்த அரிசி மூட்டையின் அடிப்பாகம் சொதசொதவென்று இருந்தது. சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை வெளியிலிருந்து துளைக்குள் விட்டுக் குடைந்ததும் பட்டி கட்டியாக உதிர்ந்தது, தண்ணீர் ஒரு நிமிஷத்தில் வடிந்தது. பொருத்தி முடித்த அன்றே ஒரு சொம்புத் தண்ணீரைத் தடத்தில் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிந்தால்தான் மீதிப் பணம்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். திருச்சியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மண் பறக்கும். ஸ்லைடிங் தடத்தில் அது சேர்ந்து உருளையை அரைக்கும். மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கும் தூரிகையால் தடத்தைத் தேய்த்துத் துடைத்தால் உருளை பல வருஷம் வரும். எண்ணெய் விடாதீர்கள், மண் அதில் ஒட்டிக்கொள்ளும்.

## அலுமினியம்

பெயர்க்கத்தான் போகிறோம், பணம் குறைவு, அறைக்கு ஏசி இல்லை என்றால் அலுமினியம் மோசமில்லை. சட்டம் மெல்லிசாக இருப்பதால் அதே திறப்பில் யுபிவிசியைவிடக் கண்ணாடிப் பரப்பு கூடும். கரையான், துரு இரண்டும் இல்லை. பிற்பாடு கழற்றினாலும் பழைய இரும்புக் கடையில் எடைக்கு நல்ல விலை கிடைக்கும். யுபிவிசிக்கு அப்படி எதுவும் கிடைக்காது. உருளையோ பூட்டோ போனால் எந்தக் கண்ணாடிக் கடையிலும் ஆள் கிடைப்பார்.

அலுமினியம் யுபிவிசியைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சூட்டைக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் சாதாரண வீட்டில் அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஜன்னலில் சட்டம் கொஞ்சம், கண்ணாடிதான் பெரும்பகுதி. நாள் முழுக்க ஏசி ஓடும் அறைக்கு மட்டும் இது கணக்கில் வரும்.

இங்கே பார்க்க வேண்டியது தடிமன். 0.8 மி.மீ. தகட்டில் செய்ததைக் கையால் அழுத்தினாலே நெளியும். 1.2 மி.மீ.க்குக் கீழே வாங்காதீர்கள், அந்த எண்ணைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். ஈரச் சிமென்ட் அலுமினியத்தை அரித்துக் கறையாக்கும். பூச்சு முடிந்து காய்கிற வரை சட்டத்தின் மேல் ஒட்டிய பாதுகாப்பு டேப்பை உரிக்கவே கூடாது.

## புது மரம், அப்புறம் இரும்பு

முழுதும் புதுத் தேக்கு என்பது இன்றைக்கு ஆசைக்குச் செய்கிற வேலை. ஆசை தவறில்லை, ஆனால் பதப்படாத மரத்தைத் தேக்கு விலைக்கு வாங்கினால் இரண்டு மழையில் முறுக்கிக்கொள்ளும். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை பாலிஷ் செலவும் உண்டு. மரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி பழைய மரம். காரைக்குடியில் இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களை விற்கும் கடைகள் இருக்கின்றன, திருச்சியிலிருந்து ஒரு நாளில் போய் வந்துவிடலாம். பல பத்தாண்டு காய்ந்த மரம், இனி வளையாது. உங்கள் திறப்பின் அளவை எழுதிக்கொண்டு போங்கள். அளவு பொருந்தாமல் சுவரை இன்னும் உடைக்க நேர்ந்தால் லாபம் அங்கேயே போய்விடும்.

கம்பியோடு சேர்ந்து வரும் இரும்பு ஜன்னல் வாடகைப் பகுதிக்கும் மொட்டைமாடி அறைக்கும் சரி. தனியாகக் கம்பி வாங்க வேண்டாம் என்பதே அதன் பலம். அடிச்சட்டத்தில் துரு பிடிக்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

## வெயிலும் கண்ணாடியும்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நாங்கள் செய்த தவறு. மேற்குப் பக்கப் படுக்கையறையில் முதலில் இருந்தது முழு மரப் பலகைக் கதவு. கண்ணாடியே கிடையாது. பாட்டி காலை பத்து, பதினொரு மணிக்கு மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, சாயங்காலம் வெயில் இறங்கியதும் நான்கு கதவையும் விரியத் திறப்பார். நாங்கள் வெளிச்சம் வேண்டும் என்று, மற்ற ஜன்னல்களுக்கு முன்னால் அங்கேதான் மரக்கதவைக் கழற்றி முழுக் கண்ணாடி ஸ்லைடிங் போட்டோம். சித்திரையில் மத்தியானம் மூன்று மணிக்கு அந்த அறைக் கட்டிலில் கை வைத்தால் மெத்தை வெதுவெதுவென்று இருந்தது. பாதிதான் திறக்கும் ஜன்னல் என்பதால் ராத்திரியும் அந்தச் சூடு இறங்கவில்லை.

சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் வெயில் சூட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். சட்டம் யுபிவிசியாக இருந்தாலும் தேக்காக இருந்தாலும் இது மாறாது. உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்த பிறகு தடுக்கிறோம். வெளியே தட்டியோ மூங்கில் திரையோ தொங்கவிட்டால் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கிறோம். நாங்கள் கடைசியில் வெளியே மூங்கில் திரை போட்டுத்தான் அந்த அறையில் மறுபடி படுக்க முடிந்தது.

இரட்டைக் கண்ணாடி போடுங்கள் என்று விற்பவர்கள் சொல்வார்கள். விலை கணிசமாக ஏறும். ஏசி பகலெல்லாம் ஓடும் அறைக்கு, அல்லது சத்தத்துக்கு, பலன் உண்டு. மின்விசிறி மட்டும் சுற்றும், ஜன்னல் திறந்தே கிடக்கும் அறைக்கு அது வீண் செலவு.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில், தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே இறங்கும் ஜன்னலுக்கு மட்டும் கெட்டிப்படுத்திய கண்ணாடி கட்டாயம் போடுங்கள். உடைந்தாலும் கத்தி மாதிரி நீளமாக உடையாமல் சின்னத் துண்டுகளாக உதிரும். அளவு சரியாக எடுக்க வேண்டும், கெட்டிப்படுத்திய பிறகு அதை வெட்ட முடியாது.

## கொட்டேஷனில் எழுதாதவை

அளவை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றடி ஏழு அங்குலத்தை நான்கடியாகக் கணக்குப் போடுவது உண்டு. குளியலறை வென்டிலேட்டர் மாதிரிச் சின்னதுக்கு, உண்மையான அளவு எவ்வளவு இருந்தாலும் குறைந்தபட்சச் சதுர அடி என்று ஒன்று வைத்திருப்பார்கள். எட்டு ஜன்னலில் இது சில ஆயிரங்களுக்கு வரும்.

மாடிக்குச் சாரம் கட்டும் கூலி யாருடையது? இடிபாட்டை அள்ளிப் போகும் வண்டி? ஜன்னல் அடியில் கிரானைட் பலகை இருந்தால், பெயர்க்கும்போது உடைந்தால்? ஜன்னலோரம் போகும் மின் குழாய்? இந்த நான்கையும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

யுபிவிசி பட்டறையில் செய்து வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். பழையதைப் பெயர்த்த பிறகுதான் சரியான அளவு கிடைக்கும் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே நாளில் உடைக்க விடாதீர்கள். அத்தனை வாரமும் வீடு தார்ப்பாயோடு, கம்பியில்லாமல் கிடக்கும். இரண்டிரண்டாகச் செய்யச் சொல்லுங்கள். பழைய வீட்டுத் திறப்புகள் சரியான சதுரமாக இருப்பதும் அரிது. அளவெடுக்க வருபவர் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்கிறாரா என்று பாருங்கள். அளக்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பெயர்த்த தேக்கைச் சும்மா எடுத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் ஒரு பழைய மரக்கடையில் விலை கேளுங்கள். எங்கள் ஆசாரி எட்டாவது ஜன்னலின் உளுக்காத மேற்சட்டத்தை அறுத்து எங்களுக்கே ஒரு அலமாரித் தட்டு செய்து கொடுத்தார்.

## யார் எதை எடுக்கலாம்

சட்டம் கெட்டி, கதவு மட்டும் தகராறு: பழுது அல்லது புதுக் கதவு. சட்டம் கெட்டி, ஆனால் தெருச்சத்தம், தூசி, கொசு மூன்றும் தொல்லை: பழைய சட்டத்துக்கு வெளியே யுபிவிசி. ஈரம் ஏறி உளுத்த சட்டம்: பெயர்த்துவிட்டு யுபிவிசி, காசு இடித்தால் அலுமினியம். ஐந்து வருஷத்தில் வீட்டை இடித்துக் கட்டப் போகிறவர்கள்: பழுதைத் தாண்டி ஒரு ரூபாய் போடாதீர்கள். வீட்டுக்கு எப்படியும் முழுதாகப் பெயின்ட் அடிக்கப் போகும் வருஷம் என்றால் பெயர்க்கும் வழியின் செலவில் 25,000 முதல் 40,000 ரூபாய் தானாகக் குறைந்துவிடும். மாற்றுவதென்றால் அந்த வருஷத்தில் மாற்றுங்கள்.

எல்லா ஜன்னலுக்கும் ஒரே பொருள் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எங்கள் வீட்டில் நான்குக்குப் பழுது மட்டும் பார்த்தோம். தெருவைப் பார்த்த இரண்டு ஐந்தடி ஜன்னல்களுக்கும் மேற்கு அறைக்கும் சட்டத்துக்கு வெளியே யுபிவிசி. குளியலறைப் பக்கத்து எட்டாவதை மட்டும் பெயர்த்தோம். மொத்தம் 75,000 ரூபாய்க்குள் முடிந்தது. மேற்கு அறையில் கழற்றிய பலகைக் கதவுகளை விற்கவில்லை, மொட்டைமாடி அறையில் சாத்தி வைத்திருக்கிறோம். ஸ்லைடிங்கை எடுத்துவிட்டு அவற்றையே திரும்ப மாட்ட எவ்வளவு ஆகும் என்று வரும் மாசியில் ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.